காது குத்தும்போது அவள் அழவில்லை

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராசிபுரத்தைத் தாண்டி உள்ளே போகும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது என் கணவர் வீட்டாரின் குலதெய்வக் கோயில். என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். அவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்த அங்கே போயிருந்தோம். இதை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டும்படியே எழுதியிருந்தேன். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது என்று பார்க்கிறேன்.

நான் சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்துப் பெண். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, இரண்டு வருடம் ஒரு பள்ளியில் பாடம் எடுத்தேன். கல்யாணமாகி பள்ளிபாளையம் வந்தேன். கணவர் சொந்தமாகச் சில விசைத்தறிகள் வைத்திருக்கிறார். வீட்டில் அவர், நான், மாமியார், குழந்தை, நான்கே பேர். மாமியார் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்டிவிட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்து அவர் தண்ணீர் ஊற்றினால், அழும் குழந்தையும் அடங்கிவிடும்.

குளிப்பாட்டி முடித்ததும் உரை மருந்து கொடுப்பார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு இவற்றையெல்லாம் பக்குவப்படுத்தி ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். சின்னக் கல்லில் சில சொட்டுத் தாய்ப்பால் விட்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு சுற்று உரசி, விரலால் வழித்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் உண்டு.

முதலில் நான்தான் எதிர்த்தேன். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னதைச் சொல்லிக் கணவரிடம் சண்டை கூடப் போட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உரை மருந்து கொடுக்கும் நாட்களில் குழந்தை இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள். மற்ற நாட்களில் இருபது நிமிடம் தூங்கினால் அதிசயம். பகலெல்லாம் இடுப்பில் இருப்பாள், இறக்கினால் அழுவாள், வேறு யார் தூக்கினாலும் அலறுவாள். நான் படித்த படிப்பு அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

தூங்க வைப்பது அதில் இருக்கும் ஜாதிக்காய்தான் என்று கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கத்தில் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று இருந்தது. அதை மூடினேன். இன்னொன்றில் பாட்டி வைத்தியம், பயப்பட வேண்டாம் என்று இருந்தது. அதைக் கடைசி வரி வரை படித்தேன். அதற்குப் பிறகு, மாமியார் ரேஷன் கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும் நாட்களில், நானே கல்லை எடுத்து ஜாதிக்காயை மட்டும் உரசிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று. சில நாட்கள் இரண்டு. யாருக்கும் தெரியாது.

காது குத்துக்கு இரண்டு மாதம் முன்பு குமாரபாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். வெளிச்சத்துக்கும் மேளச் சத்தத்துக்கும் மிரண்டு குழந்தை வீறிட்டு அழுதாள். அரை மணி நேரம். நான் மண்டபத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு நடந்தேன், பாடினேன், நானும் அழுதேன். மாமியாரின் தங்கை, சின்ன அத்தை, பந்தியில் பத்துப் பேர் கேட்கும்படி சொன்னார்.

"ஏஞ் சாமி, எம்மெஸ்சி வரைக்கும் படிச்சிருக்கறே. பெத்த புள்ளைய அமத்தறதுக்கு அதுல ஒரு பாடம் இல்லீங்களாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு இரண்டு மாதமும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காது குத்துக்கு அதே கூட்டம்தான் வரும், அதே சின்ன அத்தைதான் முன்னால் நிற்பார். முதலில் தலையில் கத்தி, பிறகு காதில் ஊசி. அன்றைக்கு எப்படி அழுவாள், அந்த அழுகையில் நான் எப்படி நிற்பேன் என்று நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை மாமியார் வழக்கம்போலக் குளிப்பாட்டி, உரை மருந்து உரசினார். ஜாதிக்காயை ஒரு சுற்று உரசிவிட்டு எடுத்து வைக்கப் போனார்.

"இன்னைக்கு மட்டும் இன்னும் ரெண்டு சுத்து உரசுங்க அத்தை. அங்க போய் அழுதாள்னா என்ன பண்றது?"

"அழுதா அழுவட்டும் சாமி. காது குத்துனா கொழந்த அழுவாம நீயும் நானுமா அழுவோம்?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை மூடிவிட்டார்.

அவர் புடவை மாற்றப் போனதும் சமையலறைக்குள் போனேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, பிரியாணி மசாலாவுக்காக நானே அரைத்து வைத்திருந்த ஜாதிக்காய்ப் பொடி இருந்தது. கல்லை எடுத்தால் சத்தம் கேட்கும். பொடியைப் பாலில் குழைத்து, பாலாடைச் சங்கால் புகட்டினேன். மீதிப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லில் ஒரு சுற்று உரசினால் வருவது கண்ணுக்குக் கூடச் சரியாகத் தெரியாது. பொடி அப்படியில்லை. பள்ளியில் ஆய்வுக்கூடத்தில், எதையும் எடை பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளை எத்தனை முறை திட்டியிருப்பேன். அன்றைக்கு நான் விரலில் எடுத்தது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேனில் இருபது பேர். குழந்தை தூங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள், கத்தினாள், யாரோ கொடுத்த பொம்மையை வீசினாள். சங்ககிரி தாண்டியும் அப்படியே இருந்தாள். பொடி வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். ஜாதிக்காய் உடனே வேலை செய்யாது, உள்ளே போய் மணிக்கணக்காகி மெல்லத்தான் ஏறும் என்பதைப் பிறகுதான் மருத்துவர் சொன்னார். டீ குடிக்க வேன் நின்றபோது, எல்லோரும் இறங்கிய பிறகு, காகிதத்தைப் பிரித்து இன்னொரு முறை கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். துப்பியதை வழித்து மறுபடியும் வாயில் விட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இப்போதுகூட நினைத்தேன்.

கோயிலில் இறங்கும்போதே அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பொங்கல் வைத்தார்கள், பூசை நடந்தது. பிறகு தாய்மாமன் மடியில், அதாவது என் அண்ணன் மடியில், உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். அவள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் கத்தி போகிறது, முடி முகத்தில் விழுகிறது, அவள் கையைக்கூடத் தூக்கவில்லை.

"பரவால்லையே, இன்னைக்கு என்ன இத்தன சமத்து!" என்றார் சின்ன அத்தை. "அம்மாக்காரி இப்பத்தான் பாடம் படிச்சிருக்கறா போல."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஆமாம், பூரித்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பிறகு ஆசாரி வந்து காதில் சந்தனம் தொட்டுக் குறி வைத்தார். எல்லோரும் பாட்டும் கிலுகிலுப்பையுமாகச் சூழ்ந்து நின்றார்கள், அழும்போது வேடிக்கை காட்ட. தங்கக் கம்பி வலது காதில் ஏறியது. அவள் அழவில்லை. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் அழவில்லை. புருவம் மட்டும் லேசாக நெளிந்து மறுபடி தளர்ந்தது. கூட்டம் கைதட்டியது. "அழுவாம காது குத்திக்கிட்ட கொழந்தைய இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்று ஆசாரி என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அவள் முகத்தைக் குனிந்து பார்த்தேன். அழ வேண்டாம் என்று ஆசைப்பட்டேனே தவிர, வலியே தெரியாமல் ஒரு குழந்தை இருக்குமா என்று நான் யோசித்திருக்கவில்லை.

இடது காதுக்குத் திருப்பியபோது அண்ணன் கையை நீட்டி ஆசாரியைத் தடுத்தார். "இருங்க, இருங்க. பாப்பாவுக்குத் தலை நிக்கல. என்னம்மா இது? உடம்பு கொதிக்குது பார்."

முகம் சிவந்திருந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. மார்பில் கை வைத்தால் உள்ளே ஏதோ ஓடுவது போல அடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், கன்னத்தில் தட்டினோம், தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஏதோ இருப்பதுபோல அங்கே பார்த்தாள், திடுக்கிட்டாள், மறுபடி மூடிக்கொண்டாள். காற்றுப் பட்டுவிட்டது என்று யாரோ விபூதி எடுத்து வர ஓடினார்கள். அண்ணன் காத்திருக்கவில்லை. குழந்தையோடு தான் வந்த காரில் ஏறிவிட்டார். நான், கணவர், மாமியார் மூவரும் ஏறிக்கொண்டோம். சேலத்துக்குப் போகும் வழியெல்லாம் மாமியார் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். என் கைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். "குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலைங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. கணவர் பக்கத்தில் நின்றார். அண்ணன் நின்றார்.

மாமியார்தான் முன்னால் வந்தார். "காத்தால உரை மருந்து ஒரு சுத்து உரசி நாக்குல வச்சனுங்க. வழக்கமா வைக்கிறதுதானுங்க."

மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார். எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டீர்களா, பச்சைக் குழந்தை வாயில் கண்டதை உரசி ஊற்றுவீர்களா, படித்த மருமகள் வீட்டில் இருக்கிறாளே, அவளைக் கேட்க வேண்டாமா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். மாமியார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க" என்று மட்டும் சொன்னார். என் கணவர், "எத்தன தடவ சொன்னேன் உங்களுக்கு" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் அவர்களுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். படித்த மருமகள்.

ஆனால் ஒரு சுற்று உரசியதில் இவ்வளவு ஆகாதே என்ற சந்தேகம் மருத்துவருக்கு இருந்தது. மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார். என் மகளை ஒருக்களித்து வளைத்துப் பிடிக்க இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். எழுத்துகள் ஓடின. பேனாவைக் கீழே வைத்தேன்.

"மேடம், தனியா ஒரு நிமிஷம் பேசணும்."

திரைக்குப் பின்னால் நின்று கைப்பையைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தேன். எப்போது, எத்தனை முறை, எதற்காக என்று எல்லாம் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

"காலேஜ் பசங்க இதைப் போதைக்குன்னு தின்னுட்டு இங்க வர்றாங்க. நெஞ்சு படபடக்குது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, சாகப் போறோம்னு கத்துறாங்க. மளிகைக் கடையில விக்கறதுதானே, என்ன ஆயிடும்னு நினைக்கிறாங்க. நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க? அவங்களாவது தானா தின்னாங்க."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. மாமியாரைத் திட்டியதில் பாதிகூட என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதுகில் ஊசி போடவில்லை. சலைன் ஏற்றி, இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவியோடு இணைத்து வைத்தார்கள். மூச்சு தளர்ந்தால் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் திரையில் எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் மத்தியானம் வரை அவள் தூங்குவதும் திடுக்கிடுவதுமாக இருந்தாள். பிறகு ஒரு நர்ஸ் கையில் இருந்த ஊசியின் ஒட்டுப்பட்டையைச் சரிசெய்தபோது, வாயைக் கோணி, மூச்சை இழுத்து, வார்டே அதிரும்படி அழுதாள். அந்த அழுகையை நிறுத்த நான் ஒன்றுமே செய்யவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் மற்றவர்களிடம் சொல்வது உங்கள் விஷயம், ஆனால் கோப்பில் உண்மையைத்தான் எழுதுவேன் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் கோப்பை பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பத்து நாள் கழித்துக் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர், "கொழந்த பொழச்சிருச்சல்ல, உடு. அம்மா அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டாங்க. போய்க் கிளறாத" என்றார். அதை நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

மாமியார் மறந்திருக்கவில்லை. மருந்து டப்பாவை, மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே குப்பையில் கொட்டிவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டார், முழங்கால் வலி என்றார். ஒரு துண்டு வாழைப்பழம் கொடுப்பதென்றாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். உறவுக்காரர்களுக்கெல்லாம் அவர் உரை மருந்து கொடுத்துக் குழந்தைக்கு ஆபத்தாகிவிட்டது என்ற கதைதான் தெரியும். சின்ன அத்தை வீட்டுக்கே வந்து அக்காவுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நான் காபி கலந்து கொடுத்தேன், பேசவில்லை.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். அவள் மகளுக்குப் பிரசவமாகி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க வந்து தலைக்கு ஊத்தி உட்டாத்தானுங்க எங்களுக்கு மனசு ஆறும்" என்றாள்.

"என்னைக் கூப்படாதீங்க. வேற ஆரையாச்சும் பாருங்க" என்றார் மாமியார். அவள் விடவில்லை. அப்போது அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி, "இது நல்ல கையில்லீங்க. என்ற பேத்தியவே கொல்லப் பாத்த கையி" என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் போன பிறகு, அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, வேன், காகிதம், துப்பியதை வழித்துப் புகட்டியது வரை. அவர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை கை நின்றது, பிறகு மறுபடி உருவத் தொடங்கியது. திட்டுவார், அழுவார், ஒரு அறையாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டாக்டரம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தை."

"அவனுக்கும் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அப்ப எங்கிட்டச் சொல்றதுக்குத்தான் அஞ்சு மாசம் ஆயிருக்குது" என்றார். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குச் சமைத்தார், எனக்கும் பரிமாறினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சின்ன அத்தையைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை ஆரம்பித்தேன். "வேண்டாம். கேட்டவிய எல்லார்த்து வாசல்லயும் போயி நின்னு சொல்லுவியா?" என்று முடித்துவிட்டார்.

அஞ்சறைப் பெட்டியில் இருப்பதெல்லாம் வீட்டுப் பொருள், அதனால் தீங்கில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போதை என்றால் எங்கோ ஒளித்து விற்பது, கெட்டுப்போனவர்கள் தேடிப் போவது என்றும் நினைத்துக்கொள்கிறோம். நான் என் குழந்தைக்குக் கொடுத்தது போதைதான். தூக்கம் என்று பெயர் வைத்துக் கொடுத்தேன், அவள் நலத்துக்காக இல்லை, பத்துப் பேர் சிரிக்கக் கூடாது என்பதற்காக. இதைப் படிக்கும் தாய்மார்களில் ஒருத்தியாவது இப்போது கையில் எடுத்ததைக் கீழே வைப்பாள் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன். அந்த எண்ணமும் என்னைத் தேற்றிக்கொள்வதற்குத்தானோ என்று தெரியவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப் போகிறது. வாயாடி. அழுதால் தெருவுக்கே கேட்கும். பாட்டி சாப்பிட உட்கார்ந்தால் ஓடிப்போய் மடியில் ஏறி வாயைத் திறக்கிறாள். பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவளைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார். "குடுக்கட்டுமா?" என்று கேட்கிறார். குத்தலாகக் கேட்பதில்லை, அது அவருக்குப் பழகிவிட்டது. மகள் அதுவரை வாயைத் திறந்தபடியே காத்திருக்கிறாள். "குடுங்க அத்தை" என்று ஒவ்வொரு வேளையும் நான் சொல்கிறேன். அந்த அனுமதியைக் கொடுக்கும் தகுதி இந்த வீட்டில் எனக்குத்தான் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.